பரணில் கிடந்த அப்பாவின் ஆம்ப்ளிஃபையர்: மறுபடி பிளக்கைச் சொருகும் முன்

மன்னார்குடிக்கு அருகிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பள்ளி ஆசிரியை. அவருடைய அப்பா அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளிலும் அந்த வட்டாரத்து மெல்லிசைக் குழு ஒன்றில் கிதார் வாசித்தவர். சென்ற ஆண்டு காலமானார். பழைய ஓட்டு வீட்டைக் காலி செய்தபோது பரணில் சாக்குப் போட்டு மூடிய ஒரு மரப்பெட்டி கிடைத்திருக்கிறது. பழுப்பு ரெக்ஸின் உறை, முன்பக்கம் வைரக்கட்டம் போட்ட துணி, உள்ளே 12 அங்குல ஸ்பீக்கர், மேலே அலுமினியச் சேஸிஸில் (உறுப்புகளைப் பொருத்தும் தகட்டில்) ஐந்து வால்வு, அதாவது பழைய ரேடியோவில் இருக்குமே, அந்தக் கண்ணாடிக் குழாய்கள். பெயர்ப்பலகை எங்கும் இல்லை. ஒரு வால்வில் மட்டும் 'மல்லார்டு, மேட் இன் இங்கிலாந்து' என்று இருக்கிறது. அத்தை மகன் கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டு, "இது வாக்ஸ் கம்பெனி ஆம்ப், லட்சக்கணக்கில் போகும்" என்கிறாராம். சென்னை வியாபாரி ஒருவர் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் 18,000 ரூபாய் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வாட்ஸ்ஆப்பில் இன்னொருவர், "வால்வுக்குள் சிவப்பு பாதரசம் இருக்கிறதா, காந்தம் காட்டிப் பாருங்கள்" என்று தினமும் நச்சரிக்கிறாராம்.

ஊரில் மைக் செட் வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன், பழைய வயரில் புது இரண்டு முள் பிளக் மாட்டி ஒருமுறை சொருகியிருக்கிறார். 'ம்ம்ம்' என்று கனத்த இரைச்சலும் மெழுகு கருகும் வாசனையும் வந்ததும், ஐந்தாறு விநாடியில் பிடுங்கிவிட்டார். "உள்ளே எல்லாத்தையும் கழட்டிட்டு ஐ.சி. போர்டு போட்டுத் தர்றேன்" என்பது அவர் யோசனை. கஜா புயலில் ஓடு பறந்தபோது பெட்டி நனைந்ததாகவும், மாசியில் வரும் தலைத் திவசத்தன்று மகன் அதில் தாத்தாவின் கிதாரை வாசிக்க வேண்டும் என்பது தன் ஆசை என்றும் எழுதியிருக்கிறார். கடைசியில், போகிறபோக்கில் ஒரு வரி: "உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன், அலுமினியத்தில் பென்சிலால் 'தை 68' என்று எழுதியிருக்கிறது. அப்பா வாங்கிய தேதியாக இருக்கும்." கூடவே பதினோரு படங்கள்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரைகூட அந்தப் பிளக் யார் கைக்கும் எட்ட வேண்டாம். கழற்றி எடுத்து உங்கள் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் "ஒருமுறை போட்டுப் பார்ப்போமே" என்று கை அரிக்கும். இதுவரை ஆன சேதம் சிறியது என்றே நினைக்கிறேன். இரண்டாவது முறை சொருகினால் அப்படிச் சொல்ல முடியாது.

உங்கள் படங்களை மூன்று நாள் வைத்துப் பார்த்தேன். ஒன்பதாவது படத்தில்தான் எனக்கு விடை கிடைத்தது. நீங்கள் பெரிதாக எண்ணாமல் கடைசி வரியில் எழுதிய அந்தத் 'தை 68' இருக்கும் படம்.

இது வாக்ஸ் இல்லை

அத்தை மகன் சொன்னதை நான் தள்ளிவிடவில்லை. அவர் காரணத்தோடுதான் சொல்கிறார். வைரக்கட்டத் துணி வாக்ஸின் அடையாளம் என்பது உண்மை. இங்கிலாந்தின் ஜென்னிங்ஸ் நிறுவனம் வாக்ஸ் என்ற பெயரில் 1958-இல் கொண்டுவந்த ஏ.சி. 15 ஆம்பில் இரண்டு இ.எல். 84 வால்வுகளும் ஒரு இ.எஃப். 86-உம் இருந்தன. உங்களுடையதிலும் அவையே இருக்கின்றன. ஆனால் ஏ.சி. 15-இல் இரண்டு சேனல், ஒலியை நடுங்க வைக்கும் ட்ரெமலோ எல்லாம் உண்டு. அதற்கெல்லாம் ஐந்து வால்வு போதாது. பின்பக்கத்தில் வரிசை எண்ணும் மின்னழுத்தமும் பொறித்த தகடு இருக்கும். உங்கள் பெட்டியில் தகடு இல்லை என்பதோடு, தகடு அடித்திருந்த ஆணித் துளைகூட இல்லை.

'மேட் இன் இங்கிலாந்து' என்பது அந்த ஒரு வால்வுக்கு மட்டுமே உரியது. அதன் கண்ணாடி அடியில் பொடி எழுத்தில் 'பி 4 எச் 2' என்று படத்தில் தெரிகிறது. 'பி' என்றால் மல்லார்டின் பிளாக்பர்ன் தொழிற்சாலை. 4 என்பது ஆண்டின் கடைசி இலக்கம். 'எச்' எட்டாவது மாதம், அதாவது ஆகஸ்ட். 2 இரண்டாவது வாரம். ஆண்டுக்கு ஓர் இலக்கம் மட்டுமே என்பதால் 1964-ஆ 1974-ஆ என்று இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. தவிர, வால்வு பல்பு மாதிரி மாற்றக்கூடிய பொருள்; அதன் வயது பெட்டியின் வயது ஆகாது. அதன் ஜோடி வால்வு நம் பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரிப்பு. அவர்கள் 1961 முதல்தான் வால்வு செய்யத் தொடங்கினார்கள்.

இனி சேஸிஸைப் பாருங்கள். வால்வு சாக்கெட் துளைகளின் விளிம்பில் அரம் போட்ட தடம் வரிவரியாக இருக்கிறது. ஒரு துளை முட்டை வடிவமாகவே போய்விட்டது. தகட்டை மடித்த மூலைகள் நான்கும் நான்கு விதம். நான்கு குமிழில் இரண்டு பழைய ரேடியோவில் இருந்து கழற்றியவை. தொழிற்சாலை அச்சில் அடித்த பெட்டி இல்லை இது. ஒரு மனிதர் பட்டறையில் உட்கார்ந்து கையால் செய்தது.

இப்போது அந்தப் பென்சில் எழுத்து. அப்பா வாங்கியபோது எழுதியிருப்பார் என்கிறீர்கள். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: 8-இன் வலது பாதி, ரெசிஸ்டர்கள் பொருத்தியிருக்கும் டேக் ஸ்டிரிப்புக்கு அடியில் போய்விடுகிறது. வயரிங் முடிந்த பிறகு அந்த இடத்தில் பென்சில் முனை நுழையாது. வெறும் தகடாக இருந்தபோதே எழுதியது அது. செய்தவர் எழுதியது. மல்லார்டு வால்வு 1964-இல் வந்தது, பெட்டி 1968 தை மாதத்தில் கட்டியது என்று வைத்தால் எல்லாம் பொருந்துகிறது.

எதைப் பார்த்துக் கட்டினார் என்பதும் தெரிகிறது. முன்னால் ஒரு இ.எஃப். 86, அடுத்து ஒரு இ.சி.சி. 83, கடைசியில் இரண்டு இ.எல். 84, மின்சாரத்தை நேர்ப்படுத்த ஒரு இ.இசட். 81. ஐம்பதுகளில் மல்லார்டு நிறுவனமே வெளியிட்ட '5-10' என்ற சர்க்யூட்டின் வரிசை இது. ஐந்து வால்வு, பத்து வாட், பெயரே அதுதான். கிராமஃபோனையும் ரேடியோவையும் நல்ல தரத்தில் கேட்பதற்காக வரைந்த சர்க்யூட். உலகம் முழுக்க ரேடியோ மெக்கானிக்குகள் அதைப் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். நம் பக்கத்திலும் வால்வு ரேடியோ பழுது பார்த்தவர்களில் கைத்தேர்ந்தவர்கள் கட்டினார்கள். வெளிநாட்டு கிதார் ஆம்ப் வாங்க ஒரு மெல்லிசைக் குழுவுக்குக் காசு ஏது? உள்ளூர் ரேடியோக் கடையில் சொல்லிச் செய்தார்கள். உங்கள் அப்பாவின் குழுவுக்காக யாரோ ஒருவர் அந்தத் தை மாதம் முழுக்க உட்கார்ந்து அரம் போட்டிருக்கிறார்.

ஆகவே லட்சம் கிடைக்காது. அதைக் கேட்டு உங்கள் மனம் சற்று வாடலாம். எனக்கோ, இது வாக்ஸாக இருந்திருந்தால் இத்தனை மகிழ்ச்சி வந்திருக்காது. வாக்ஸ் ஆயிரக்கணக்கில் செய்தார்கள். இது ஒன்றுதான்.

சிவப்பு பாதரசம் என்று ஒன்று இல்லை

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஆனால் கண்டிப்பாகச் சொல்கிறேன். பழைய டி.வி., ரேடியோ வால்வுகளில் சிவப்பு பாதரசம் இருக்கிறது, கோடி ரூபாய் பெறும் என்ற புரளி நம் மாநிலத்தில் பல ஊர்களைச் சுற்றி வந்தது. அதை நம்பி மக்கள் நல்ல பெட்டிகளை உடைத்தார்கள். அந்த வால்வின் தலையில் கண்ணாடிக்குள் வெள்ளிபோல் பளபளக்கிறதே, அது பேரியம் பூச்சு. உள்ளே மிஞ்சிய காற்றை உறிஞ்சிக்கொள்ள வைத்தது. அது வெள்ளியாக இருக்கிறவரை வால்வுக்குள் வெற்றிடம் பத்திரம். பால்போல் வெளுத்துப்போயிருந்தால் காற்று புகுந்துவிட்டது, வால்வு செத்தது என்று பொருள். உங்கள் ஐந்திலும் வெள்ளியாகவே இருக்கிறது. அந்த வாட்ஸ்ஆப் எண்ணைத் தடை செய்துவிடுங்கள். வீட்டு முகவரியை மட்டும் அவரிடம் சொல்ல வேண்டாம்.

சென்னை வியாபாரி விஷயம் வேறு. அவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பெயர் இல்லாத பெட்டிக்குப் படத்தைப் பார்த்தே விலை சொல்கிறவர் பெரும்பாலும் மல்லார்டு வால்வுக்கும் டிரான்ஸ்ஃபார்மர்களுக்கும் விலை போடுகிறார். வாங்கியதும் அவற்றைப் பிரித்து எடுத்துவிட்டு மிச்சத்தைக் காயலான் கடைக்குப் போடுவது அந்த வியாபாரத்தின் வழக்கம். பணம் தேவைப்பட்டால் விற்பதில் தவறில்லை. விற்பதென்றால் அம்மாவிடமும் உடன்பிறந்தவர்களிடமும் கேட்டு, பழுது பார்த்து ஓடுகிற நிலையில், வாசிக்கிற ஒருவருக்கு விற்கலாம். இப்போதே, இந்த நிலையிலேயே என்றால் வேண்டாம் என்பது என் யோசனை.

அந்த ஐந்தாறு விநாடியில் என்ன நடந்தது

"எல்லாம் கருகிப்போயிருக்குமோ" என்று இரண்டு இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் விநாடிக் கணக்கு எழுதியது பெரிய உதவி. இ.இசட். 81 வால்வு சூடாகி வேலை செய்யத் தொடங்கப் பத்துப் பதினைந்து விநாடியாவது ஆகும். அதற்குப் பிறகுதான் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட உயர் அழுத்தம் உள்ளே பாயும். அதற்கு முன்பே பிடுங்கிவிட்டதால் கண்டென்சர்களுக்கும் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மருக்கும் அன்றைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இரைச்சலும் மெழுகு வாசனையும் மெயின் டிரான்ஸ்ஃபார்மரில் இருந்து வந்திருக்க வேண்டும். துருவேறித் தகடுகள் தளர்ந்திருந்தாலும் உறுமும். ஈரத்தால் சுற்றுகளுக்குள் ஷார்ட் ஆகியிருந்தாலும் உறுமும். முதலாவது என்றால் போல்ட்டை முடுக்கி வார்னிஷ் விட்டால் போதும். இரண்டாவது என்றால் காயில் மறுபடி கட்ட வேண்டும்.

2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலை கஜா கரையைக் கடந்தபோது நம் பக்கத்தில் நனையாத பரண் எது? அன்று நனைந்த டிரான்ஸ்ஃபார்மர்கள் என் மேசைக்கு ஆண்டுக்கணக்கில் வந்துகொண்டிருந்தன. சுற்றுகளுக்கு இடையே இருக்கும் காகிதம் தண்ணீரைக் குடித்தால் எளிதில் விடாது. மேலே காய்ந்ததுபோல் இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். வெயிலில் வைத்தால் போதும் என்று எண்ண வேண்டாம். கழற்றி, மிதமான சூட்டில் ஒன்றிரண்டு நாள் காயவைத்து, மின்கசிவை அளக்கும் 500 வோல்ட் மெக்கரில் சோதித்த பிறகே மின்சாரத்தைக் காட்ட வேண்டும்.

என் ஆரம்ப நாட்களில் ஒரு பெரியவரின் வால்வு ரேடியோ வந்தது. மழையில் நனைந்த பெட்டி. அவர் கண் முன்னால் பாட வைத்துவிட வேண்டும் என்ற ஆசையில், துடைத்துவிட்டு அப்படியே பிளக்கைச் சொருகினேன். அரை நிமிடத்தில் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தார் உருகி மேசையில் வழிந்தது. அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் பெட்டியைத் துண்டில் கட்டி எடுத்துக்கொண்டு போனார். நாற்பது ஆண்டாகிறது. ஒவ்வொரு பழைய பெட்டியைத் திறக்கும்போதும் அந்தத் துண்டு என் நினைவுக்கு வருகிறது.

வேலை எந்த வரிசையில் நடக்க வேண்டும்

நீங்கள் வீட்டிலேயே செய்யக்கூடியது சுத்தம் செய்வது. வால்வுகளைக் கழற்றும் முன் எது எந்தச் சாக்கெட்டில் இருந்தது என்று சிறு ஸ்டிக்கர் ஒட்டிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அச்செழுத்தைத் துணியால் துடைக்காதீர்கள். அரை நூற்றாண்டுப் பழைய மை, விரல் பட்டாலே போய்விடும். ஐந்தாவது படத்தில் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மருக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே மண் கட்டி தெரிகிறது. குளவிக் கூடு. ஸ்க்ரூ டிரைவரால் குத்த வேண்டாம், பக்கத்திலேயே மயிரிழை போன்ற காயில் கம்பி வெளியே வருகிறது. ஐஸ் குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுங்கள். ஸ்பீக்கரின் காகிதத்தை எலி கடித்திருப்பதால் பெட்டிக்குள் எலிப் புழுக்கையும் மூத்திரமும் இருக்கும். எலிக்காய்ச்சலைப் பற்றி வயல்காட்டு ஊரில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டே தொடுங்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய் எதுவும் தடவ வேண்டாம்.

அதற்கு மேல் மெக்கானிக்கின் வேலை. நல்ல வால்வு மெக்கானிக் எப்படிச் செய்வார் என்று தெரிந்துவைத்துக்கொண்டால் பேசும்போது உங்களுக்கு உதவும். முதலில் ஐந்து வால்வையும் கழற்றிவிட்டு, சீரிஸ் போர்டில் 60 வாட் குண்டு பல்பு மாட்டி, அதன் வழியாக மெயின் டிரான்ஸ்ஃபார்மருக்கு மட்டும் மின்சாரம் கொடுப்பார். பல்பு ஒரு முறை மினுக்கி அணைந்ததுபோல் ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் நலம். நன்றாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். இந்த ஒரு பல்பு எத்தனையோ பெட்டிகளைக் காப்பாற்றியிருக்கிறது. எல்.ஈ.டி. பல்பு இதற்கு ஆகாது, பழைய குண்டு பல்புதான் வேண்டும்.

காயில் மறுபடி கட்ட வேண்டி வந்தால், ஹீட்டர் சுற்று 6.3 வோல்ட்டில் குறைந்தது 3 ஆம்பியர் தாங்க வேண்டும். கணக்கு இதுதான்: இரண்டு இ.எல். 84-க்கு 1.52, இ.இசட். 81-க்கு 1, இ.சி.சி. 83-க்கு 0.3, இ.எஃப். 86-க்கு 0.2. மூன்றுக்குச் சற்று மேலேயே வருகிறது. நாலாகக் கட்டச் சொல்லுங்கள், சூடு குறையும். மெயின் டிரான்ஸ்ஃபார்மரை அனுபவமுள்ள காயில் கடைக்காரர் கட்டிவிடுவார். ஆனால் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் பம்ப்செட் மோட்டார் காயில் கட்டும் கடைக்குக் கொடுத்துவிடாதீர்கள். அவர்கள் வேலை குறைந்ததல்ல. இதன் முறை வேறு. முதல்சுற்றையும் இரண்டாம்சுற்றையும் பல அடுக்காகப் பிரித்து மாற்றி மாற்றிக் கட்டினால்தான் உயர்ந்த ஸ்வரங்கள் கேட்கும். ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டினால் ஓடும், ஆனால் கம்பளிக்குள் இருந்து வாசிப்பதுபோல் கேட்கும். மீட்டரில் அதன் இரு பாதிகளும் ஏறக்குறைய ஒரே ஓம் அளவைக் காட்டினால் அது உயிரோடு இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம்.

கண்டென்சர்கள் அடுத்து. "பழசானால் வால்வு போய்விடும், அதைத்தான் மாற்ற வேண்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். பலரும் அப்படித்தான் எண்ணுகிறார்கள். வால்வு ஓடினால்தான் தேயும், சும்மா இருந்தால் தேயாது. சும்மா இருந்தே கெட்டுப்போவது கண்டென்சர். அலுமினியக் குவளை போன்ற எலக்ட்ரோலிட்டிக் உள்ளே வறண்டுபோகும். திடீரென்று உயர் அழுத்தம் ஏறினால் வெடித்து, கூடவே ரெக்டிஃபையர் வால்வான இ.இசட். 81-ஐயும் டிரான்ஸ்ஃபார்மரையும் கொண்டுபோய்விடும். அதைக் கட்டாயம் மாற்ற வேண்டும். பழைய குவளையைத் தோற்றத்துக்காக அப்படியே இடத்தில் விட்டு, புதியதைச் சேஸிஸுக்கு அடியில் பொருத்தச் சொல்லுங்கள்.

அதைவிட மோசமானது, இ.சி.சி. 83-க்கும் இ.எல். 84-க்கும் நடுவே இருக்கும் அந்த இரண்டு மெழுகுக் காகிதக் கண்டென்சர்கள். ஏழாவது படத்தில் பழுப்பு மெழுகுவத்தித் துண்டுபோல் இருக்கின்றனவே, அவைதான். அவற்றின் வேலை ஒலியை விட்டுவிட்டு நேர் மின்னழுத்தத்தைத் தடுப்பது. நம் ஊர் ஈரத்தில் அவை கசியும். கசிந்தால் இ.எல். 84-இன் கிரிட்டில் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் உள்வலையில்) நேர் அழுத்தம் ஏறி, வால்வுக்குள் இருக்கும் தகடு செக்கச்செவேல் என்று சிவந்து, சில நிமிடத்தில் வால்வும் அதன் பின்னாலேயே வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரும் போய்விடும். இ.எல். 84-களைக் கழற்றிவிட்டுச் சாக்கெட்டின் இரண்டாம் பின்னில் அளந்தால் பூஜ்யம் காட்ட வேண்டும். சோதித்துக்கொண்டிருப்பதைவிட 630 வோல்ட் பாலியெஸ்டர் கண்டென்சராக மாற்றிவிடுவதே நல்லது. விலை அதிகமில்லை. ரெசிஸ்டர்களில் குறித்த அளவைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விலகிப் போனவற்றை மட்டும் மாற்றினால் போதும். ஓசையின் குணம் அவற்றிலும் இருக்கிறது.

ஸ்பீக்கரை இணைக்காமல் ஒருபோதும் ஓட்டக் கூடாது. வால்வு ஆம்புக்கு அது உயிர்ச் சேதம். இப்போதுள்ள ஸ்பீக்கருக்குக் காகிதம் மாற்றும்வரை அதே ஓம் அளவுள்ள வேறொன்றை மாட்டிச் சோதிக்கலாம்.

ஐ.சி. போர்டு யோசனைக்கு இப்போது பதில் தேவைப்படாது என்று நினைக்கிறேன். அந்த எலக்ட்ரீஷியன் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். ஆனால் அப்படிச் செய்தால் மிஞ்சுவது ரெக்ஸின் பெட்டி மட்டுமே. கழற்றிய ஒவ்வொரு பழைய உறுப்பையும் ஒரு பையில் போட்டு உங்களிடமே திருப்பித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

ஷாக் பற்றி: மகனுக்காக இதைப் படியுங்கள்

கிதாரின் கம்பிகள், ஒயரின் மேலுறை வழியாக ஆம்பின் சேஸிஸோடு நேரே இணைந்திருக்கின்றன. சேஸிஸில் மின்சாரம் கசிந்தால் கம்பியைத் தொடும் விரலில் மின்சாரம். பாடிக்கொண்டே வாசிக்கிறவர் உதடு மைக்கில் பட்டால், கைக்கும் வாய்க்கும் நடுவே நெஞ்சு வழியாகப் பாயும். உங்கள் பெட்டியில் இருப்பது இரண்டு கம்பி வயர், எர்த் கிடையாது. மெயினில் இருந்து சேஸிஸுக்கு ஒரு சிறு கண்டென்சரும் போட்டிருக்கிறது. இரைச்சல் குறைய அந்தக் காலத்தில் போடுவார்கள். அது ஷார்ட் ஆனால் மொத்தச் சேஸிஸும் 230 வோல்ட். அதை முதல் வேலையாக வெட்டி எடுக்க வேண்டும். மூன்று கம்பி வயர் போட்டு, பச்சைக் கம்பியைச் சேஸிஸில் தனி போல்ட் வைத்து இறுக்க வேண்டும். லைன் கம்பியில் ஃப்யூஸ் வேண்டும். 'பழமை கெட்டுவிடும்' என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் பழமைக்கு இடமில்லை.

ஆம்பில் எர்த் இருந்தால் மட்டும் போதாது, வீட்டிலும் இருக்க வேண்டும். பழைய ஓட்டு வீடுகளில் மூன்று முள் சாக்கெட் இருக்கும், எர்த் துளைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. இருந்தாலும் கோடையில் எர்த் குழி வறண்டுவிடும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் சோதிக்கச் சொல்லுங்கள். மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் ஒன்று போடச் சொல்லுங்கள். மகன் அதற்குப் பிறகு வாசிக்கட்டும்.

யாரிடம் கொடுப்பது

உங்கள் எலக்ட்ரீஷியனுக்கு மைக் செட் தெரியும், வால்வு தெரியாது. அது குற்றமில்லை; வால்வு பார்த்தவர்கள் எல்லாரும் இப்போது எழுபதைத் தாண்டியவர்கள். கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி என்று பழைய ரேடியோக் கடைத் தெருக்களில் விசாரித்தால் இன்னும் அகப்படுவார்கள். போனால் மூன்று கேள்வி கேளுங்கள். முதலில் எப்படி மின்சாரம் கொடுப்பீர்கள்? சீரிஸ் போர்டு என்ற சொல் வர வேண்டும். காகிதக் கண்டென்சரை என்ன செய்வீர்கள்? இரண்டு கம்பி வயரை என்ன செய்வீர்கள்? மூன்றுக்கும் தயங்காமல் பதில் சொல்கிறவரிடம் நம்பிக் கொடுக்கலாம். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா" என்று தொடங்குகிறவரிடமிருந்து பெட்டியைத் திருப்பி எடுத்து வந்துவிடுங்கள். கண்டென்சர் முதலான உறுப்புகள் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். இந்த வகை வால்வுகளை இன்றும் ஸ்லோவாக்கியாவிலும் ரஷ்யாவிலும் செய்கிறார்கள், ஆகவே பின்னாளில் ஒன்று போனாலும் மாற்று உண்டு. ஓட ஆரம்பித்ததும் இ.எஃப். 86-ஐ விரலால் மெல்லத் தட்டினால் ஸ்பீக்கரில் 'டிங்' என்று மணி அடிக்கும். பயப்பட வேண்டாம், அந்த வால்வின் சுபாவம் அது. அது அதிர்வைத் தாங்காததால் வாக்ஸ் நிறுவனமே தன் ஏ.சி. 30-இல் அதைக் கைவிட்டது. சாக்கெட்டுக்கு அடியில் ரப்பர் வாஷர் கொடுத்தால் குறையும்.

மாசித் திவசத்துக்குள் முடியுமா என்றால், முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் காயவும், காயில் கட்டவும், ஸ்பீக்கர் காகிதம் மாற்றவும் அதனதன் நாள் ஆகும். தேதி குறித்துவிட்டு மெக்கானிக்கை அவசரப்படுத்தினால், அவரும் என்னைப்போல் ஒருநாள் சீக்கிரம் சொருகிவிடுவார். திவசத்தன்று பெட்டியைத் துடைத்து அப்பா படத்துக்கு அருகில் வையுங்கள், மகன் ஒயர் இல்லாமலே கிதாரை வாசிக்கட்டும். அன்று அப்பாவோடு வாசித்தவர்கள் யாராவது வந்தால், இந்தப் பெட்டியைச் செய்தது யார் என்று மறக்காமல் கேளுங்கள். அம்மாவிடமும் கேளுங்கள். 68-இல் கைவேலை செய்யும் வயதில் இருந்தவர் இன்று இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அவர் பெயர் தெரிந்த ஒருவராவது அந்த ஊரில் இருப்பார்.

இன்னொன்று. மெக்கானிக் வயரிங்கைத் தொடும் நாளில் நீங்கள் பக்கத்தில் இருங்கள். அந்த டேக் ஸ்டிரிப்பைப் பிடித்திருப்பவை இரண்டே ஸ்க்ரூ. கழற்றித் தூக்கும்போது அடியில் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். 8-க்கு அப்பாலும் பென்சில் கோடு போவதுபோல் எனக்குத் தெரிகிறது.